ஆற்றை விட்டு வடிகாலைப் பிடித்த ஆர்க்ரைட்

கேள்வி: ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771-ல் தன் பஞ்சாலையை மான்செஸ்டரிலோ நாட்டிங்ஹாமிலோ கட்டாமல், டெர்பிஷயரில் கிராம்ஃபோர்டு என்ற சிற்றூரில் போய்க் கட்டியது ஏன்? தண்ணீருக்காக என்று படித்திருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் பார்த்தால் டெர்வென்ட் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது, முதல் ஆலையோ ஆற்றின் மேல் இல்லை. சின்ன ஓடை ஒன்றை நம்பி நிற்கிறது. இது எப்படி?

பதில்:

வரைபடத்தை எடுத்துவைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். அதனாலேயே நீளமாகப் பதில் எழுத ஆசை வந்தது. கோவைப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவன் நான். ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் டாப் ரோலரை, அதாவது மேல் உருளையை, தூக்கிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நான் பார்த்தது இந்த மனிதர் ஓடவைத்த ஏற்பாட்டைத்தான். அது தெரிய வந்த நாளிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன்.

உங்கள் கேள்விக்கு நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்க்ரைட்டை அங்கே இழுத்தது ஓடை மட்டுமில்லை. அந்த இடத்தில் ஓடையோடு இன்னொரு தண்ணீரும் கிடைத்தது. மலைக்குள் இருந்த ஈயச் சுரங்கங்களில் ஊறும் நீரை வெளியேற்ற வெட்டிய வடிகாலின் தண்ணீர் அது. டெர்பிஷயர்க்காரர்கள் அதை ‘சஃப்’ என்பார்கள். பூமியின் ஆழத்திலிருந்து வருவதால் மாரியிலும் கோடையிலும் அதன் வெப்பம் பெரிதாக மாறாது. பனிக்காலத்தில் சுற்றியுள்ள ஓடைகளெல்லாம் உறைந்து கிடக்கும்போதும் சஃப்பின் நீர் வெதுவெதுப்பாக வந்துகொண்டிருக்கும். வருடம் முழுக்கச் சக்கரம் சுற்றும். இதுதான் காரணம். அந்தத் தண்ணீர் ஏன் அவருக்கு அவ்வளவு முக்கியமாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பஞ்சு நூலாவதில் இரண்டு வேலை இருக்கிறது. பஞ்சை இழுத்து மெலிதாக்க வேண்டும், மெலிந்ததை முறுக்க வேண்டும். ராட்டினத்தில் நூற்கும் பெண்ணின் விரல்கள் பஞ்சை இழுக்கும், கதிர் அதை முறுக்கும். முறுக்குகிற வேலையை இயந்திரத்திடம் கொடுப்பது பெரிய காரியமில்லை, சுற்றுகிற எதுவும் முறுக்கும். இழுப்பதுதான் விரல்நுனிக்கு மட்டும் தெரிந்த வித்தை. எங்கே பஞ்சு தடித்திருக்கிறது, எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விரலே தீர்மானித்துவிடும்.

அந்த விரலின் இடத்தில் உருளைகளை வைக்கலாம் என்ற யோசனை ஆர்க்ரைட்டுக்கு முன்பே வந்துவிட்டது. லூயிஸ் பால் என்பவர் ஜான் வயட் என்ற கைவினைஞரோடு சேர்ந்து 1738-லேயே உருளைகளால் நூற்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1740-களில் நார்தாம்ப்டனில் நீர்ச்சக்கரம் வைத்த ஆலைகூட ஒன்று ஓடியது. ஆகவே தண்ணீரால் பஞ்சு நூற்ற முதல் ஆலை கிராம்ஃபோர்டு என்று எழுதுவது சரியில்லை. தண்ணீரால் நூற்று லாபமும் பார்த்து நிலைத்த முதல் ஆலை என்று வேண்டுமானால் எழுதலாம்.

நார்தாம்ப்டனில் நிலைக்காதது கிராம்ஃபோர்டில் நிலைத்ததற்குக் காரணம் இரண்டு சின்ன விஷயங்கள். மில்லில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஜோடி ஜோடியாக உருளைகள் இருக்கின்றன, பின்ஜோடி மெதுவாகச் சுற்றும், முன்ஜோடி வேகமாகச் சுற்றும், நடுவில் போகும் பஞ்சு இழுபட்டு மெலியும். இதைத்தான் இன்றைக்கு டிராஃப்ட் என்கிறோம். இரண்டு ஜோடிகளுக்கும் நடுவில் உள்ள தூரம் பஞ்சிழையின் நீளத்தைவிடக் கொஞ்சமே கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே இழையை இரண்டு ஜோடிகளும் கவ்விப் பிடிக்கும், இழை அறும். கூடினால் எந்தப் பிடியிலும் சிக்காத இழைகள் நடுவில் மிதக்கும், நூல் ஓரிடம் தடித்து ஓரிடம் மெலியும். எங்கள் மில்லில் பஞ்சு ரகம் மாறினால் ரோலர் செட்டிங்கைத்தான் முதலில் பார்ப்போம். அடுத்தது, மேல் உருளை கீழ் உருளையை அழுத்திக்கொண்டிருக்க எடை தொங்கவிட வேண்டும். ஆர்க்ரைட் மேல் உருளைக்குத் தோல் போர்த்தி, கீழ் உருளைக்கு நீளவாக்கில் வரிவரியாகப் பள்ளம் வெட்டி, எடை தொங்கவிட்டார். தோலின் இடத்தில் இன்று காட்ஸ் என்ற ரப்பர் உறை வந்திருக்கிறது. அடிப்படை மாறவில்லை, 250 வருடமாகிறது.

இந்த யோசனை அவருடையதா என்று கேட்டால் முழுக்க அவருடையதில்லை என்றே சொல்வேன். ஆர்க்ரைட் 1732-ல் பிரெஸ்டனில் ஒரு தையல்காரரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக வசதியில்லை. முடிதிருத்தும் தொழில் கற்று, போல்டன் ஊரில் கடை வைத்து, டோப்பா செய்ய முடி வாங்குவதற்காக ஊர் ஊராகச் சுற்றியவர். அப்படிச் சுற்றும்போதுதான் வாரிங்டன் ஊர்க் கடிகாரத் தொழிலாளி ஜான் கேயைச் சந்தித்தார். தறியின் பறக்கும் நாடாவைக் கண்டுபிடித்த ஜான் கே வேறு ஆள், இருவரையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் கே அதற்கு முன் லீ ஊரைச் சேர்ந்த தாமஸ் ஹைஸ் என்பவருக்காக உருளை இயந்திரம் ஒன்றைச் செய்துகொடுத்தவர். அந்த அறிவு கேயின் கைவழியாக ஆர்க்ரைட்டிடம் வந்தது. 1769-ல் காப்புரிமை ஆர்க்ரைட்டின் பெயரில் பதிவானது. பிற்பாடு 1785-ல் நீதிமன்ற விசாரணையில் ஹைஸும் கேயும் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள், காப்புரிமை ரத்தானது. அதே வருடம் முந்தைய வழக்கு ஒன்றில் ஜேம்ஸ் வாட் ஆர்க்ரைட்டுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லியிருந்தார். என் கணிப்பில் ஹைஸுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. ஆனால் பட்டறையில் ஒரு மாதிரி இயந்திரம் ஓடுவது வேறு, நூறு கதிர்கள் ராத்திரி பகலாக ஓடுவது வேறு. அந்த இரண்டாவதைச் செய்துகாட்டியவர் ஆர்க்ரைட்தான்.

லங்காஷயரில் அப்போது இயந்திரத்தோடு இருப்பது ஆபத்து. ஜென்னி என்ற கைராட்டை இயந்திரத்தைச் செய்த ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸின் இயந்திரங்களை, வேலை போய்விடும் என்று அஞ்சிய மக்கள் உடைத்துப் போட்டார்கள். அவர் நாட்டிங்ஹாமுக்குப் போனார். ஆர்க்ரைட்டும் 1768-ல் அங்கேதான் போனார். நாட்டிங்ஹாம் காலுறை பின்னும் ஊர், நல்ல நூலுக்கு அங்கே எப்போதும் தேவை இருந்தது. காலுறைத் தொழிலில் பணம் சேர்த்திருந்த சாமுவேல் நீட், ஜெடிடையா ஸ்ட்ரட் இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். முதல் ஆலையை அங்கேயே வைத்துக் குதிரைகளைக் கட்டி ஓட்டினார்கள்.

குதிரைக்குத் தீனி வேண்டும், அது களைத்துப் போகும், மாற்றுக் குதிரை வேண்டும். இயந்திரத்தைப் பெருக்கப் பெருக்கக் குதிரையையும் பெருக்க வேண்டும். உருளை வைத்த நூற்பு இயந்திரம் ஜென்னியைப்போல் வீட்டு மூலையில் ஒருவர் கையால் சுற்றும் சாமான் இல்லை. இடைவிடாமல், ஒரே சீரான வேகத்தில் சுற்றும் விசை அதற்கு வேண்டும். நீராவி எந்திரம் அப்போது தண்ணீர் இறைக்கத்தான் பயன்பட்டது, அச்சைச் சுழற்றும் நீராவி எந்திரம் 1780-களில்தான் வருகிறது. மிச்சம் இருந்தது நீர்ச்சக்கரம். அதற்கு முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. டெர்பி நகரில் டெர்வென்ட் ஆற்றின் மேல் லோம்ப் சகோதரர்களின் பட்டு முறுக்கும் ஆலை 1721-லிருந்து நீர்ச்சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்ட்ரட் டெர்பிக்காரர், அந்த ஆலை அவர் அறிந்ததுதான்.

இப்போது ஆறா ஓடையா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீர்ச்சக்கரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதோடு அது எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதும் சமமாக முக்கியம். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து 1759-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆற்று ஓட்டம் சக்கரத்தின் அடியில் மோதித் தள்ளுவதைவிட, தண்ணீர் மேலிருந்து சக்கரத்தின் தொட்டிகளில் விழுந்து தன் எடையால் இறங்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு விசை கிடைக்கிறது என்று அளந்து காட்டினார். டெர்வென்ட் பெரிய ஆறு, ஆனால் அந்த இடத்தில் அதை உயர்த்தி விழவைக்க வேண்டுமானால் ஆற்றின் குறுக்கே தடுப்பணை கட்ட வேண்டும். அணைக்குப் பெரும் பணம் வேண்டும், கரைக்காரர்களின் சம்மதம் வேண்டும், வெள்ளம் வந்தால் தாங்க வேண்டும். ஓடிக் காட்டாத ஒரு தொழிலுக்கு எந்தக் கூட்டாளி அவ்வளவு பணம் போடுவார்?

முதல் ஆலை நம்பிய பான்சல் ஓடை சிறியது, ஆனால் செங்குத்தாக இறங்கி வருகிறது. அதோடு சஃப் தண்ணீரும் சேர்ந்தது. 1771 ஆகஸ்டில் அந்த இடமும் தண்ணீரும் 21 வருடக் குத்தகைக்கு வந்தன, வருடத்துக்கு 14 பவுண்டு. ஐந்து மாடிக் கல் கட்டடம் எழுந்தது. பெரிய ஆற்றை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கையில் காசு சேர்ந்ததும் 1783-ல் கொஞ்சம் மேலே மாஸன் என்ற இடத்தில் டெர்வென்ட்டையே மறித்துச் சிவப்புச் செங்கல்லில் பெரிய ஆலை கட்டினார். முதலில் ஓடை, பிறகு ஆறு. இந்த வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். கடனில் மூழ்காமல் தொழிலை வளர்த்த ஒருவரின் நிதானம் அதில் தெரிகிறது.

ஈயச் சுரங்கம் அவருக்குத் தண்ணீரோடு இன்னொன்றையும் கொடுத்தது: ஆட்கள். சுரங்கத் தொழிலாளியின் வருமானம் நிலையில்லாதது, தாது கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அந்த வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் கிடைத்த கூலிக்கு வேலை செய்யத் தயாராக இருந்தார்கள். 1771 டிசம்பரில் டெர்பி மெர்க்குரி செய்தித்தாளில் வந்த ஆள்தேவை விளம்பரத்தைப் படித்தால் அந்த ஆலையின் உள்புறமே தெரிந்துவிடும். பல்சக்கர வேலை தெரிந்த கடிகாரத் தொழிலாளர் இருவர் வேண்டும், அடிக்கவும் அரம் போடவும் தெரிந்த கொல்லர் ஒருவர் வேண்டும், மரம் கடைபவர்கள் வேண்டும், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. இயந்திரத்தைச் செய்யச் சில ஆண்கள், ஓட்டுவதற்குப் பெண்களும் பிள்ளைகளும்.

சுற்றுவட்டார ஆட்கள் போதவில்லை. வெளியூர்க் குடும்பங்களை வரவழைக்க வீடு வேண்டும். 1776-77-ல் அவர் கட்டிய நார்த் ஸ்ட்ரீட் என்ற தெரு இன்றும் நிற்கிறது. மூன்று மாடி வீடுகள், கல் கட்டடம், நல்ல சன்னல்கள். மேல்மாடியில் வெளிச்சம் வருவதற்காக நீளச் சன்னல் வைத்த வேலைக்கூடம். குடும்பத்தின் ஆண் அங்கே உட்கார்ந்து தறியோ பின்னல் சட்டமோ ஓட்டுவார். மனைவியும் பிள்ளைகளும் ஆலைக்குப் போய் நூல் நூற்பார்கள். பிறகு சத்திரம் வந்தது, சந்தை வந்தது, கடைசியில் கோயில் வந்தது. அந்த வீடுகள் அந்தக் காலக் கூலிக்காரர் வீடுகளைவிட எவ்வளவோ மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலை போனால் வீடும் போய்விடும் என்பதிலும் சந்தேகமில்லை.

வேலை நேரத்தைச் சொல்லும்போது மனது கனக்கிறது. மணி அடித்ததும் உள்ளே போக வேண்டும். இரவு பகல் இரண்டு ஷிப்ட்டாக, ஒவ்வொன்றும் 12 மணி நேரத்தை ஒட்டி, ஆலை ஓடியது. டெர்பி ஓவியர் ஜோசஃப் ரைட் அதை இரவுக் காட்சியாகவே தீட்டினார். இருட்டு மலைகளுக்கு நடுவில் ஒவ்வொரு சன்னலிலும் விளக்கு எரியும் கட்டடம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த வெளிச்சத்துக்குப் பின்னால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பாபின் மாற்றிக்கொண்டும் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டும் நின்றார்கள். அவருடைய மகன் இளைய ஆர்க்ரைட் 1816-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தபோது, வேலை நேரம் சாப்பாட்டு இடைவேளையோடு சேர்த்து 13 மணி என்றும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளையே எடுக்கிறோம் என்றும் சொன்னார். முன்பைவிட நல்ல நிலை என்று அவர் எடுத்துச் சொன்ன நிலைதான் இது.

நீர்விசை ஆலைக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் விழுகிற இடத்தில் ஆலை கட்ட வேண்டும். தண்ணீர் விழுகிற இடம் மலை இடுக்கில் இருக்கும். மலை இடுக்கில் ஜனம் இருக்காது. ஆர்க்ரைட் வீடு கட்டிக் குடும்பங்களைக் கொண்டுவந்தார். அதற்கு மனமோ பணமோ இல்லாத முதலாளிகள் நகரத்து அனாதை இல்லங்களிலிருந்து பிள்ளைகளை ஒப்பந்தத்தில் வாங்கினார்கள். அதே டெர்பிஷயரில், வை ஆற்றங்கரையில், லிட்டன் ஆலை அப்படித்தான் ஓடியது. லண்டன் செயின்ட் பான்கிராஸ் இல்லத்திலிருந்து ஏழு வயதில் அனுப்பப்பட்ட ராபர்ட் பிளின்கோ அங்கே பட்ட அடியும் பசியும் பிற்காலத்தில் அச்சில் வந்து நாட்டையே உலுக்கியது. அப்படி ஒப்பந்தத்தில் வந்த பிள்ளைகளின் வேலையை ஒரு நாளைக்கு 12 மணியாகக் குறைத்த சட்டம் 1802-ல் வந்தது. மலைக்குள் இருந்த ஆலைகளை யார் போய்ப் பார்ப்பது? சட்டம் ஏட்டிலேயே பெரும்பாலும் கிடந்தது.

நம் ஊரோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு விஷயம். பருத்தித் துணியை இங்கிலாந்துக்குப் பழக்கியது இந்தியா, அதில் சோழமண்டலக் கரைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் கோட்டை எழுந்ததே துணி மலிவாகக் கிடைத்ததால்தான். நம் அச்சுத் துணிகளும் சாயத் துணிகளும் அங்கே அப்படி விற்றன. அந்த நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளர்கள் பொறுக்க முடியாமல் கிளர்ந்தார்கள். 1700-ல் இறக்குமதிக்குத் தடை, 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கே தடை. இங்கிலாந்தில் கையால் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுவதற்கு, தாங்காது, அறுந்துவிடும். அதனால் பாவுக்கு ஆளிநார் நூல் போட்டு, குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் பருத்தி போட்டு நெய்தார்கள். நம் பெண்கள் ராட்டினத்தில் நூற்ற நூல் அதைவிடப் பல மடங்கு மெலிதாகவும் இருந்தது, பாவுக்கும் நின்றது.

ஆர்க்ரைட்டின் உருளை இயந்திரம் கெட்டியாக முறுக்கேறிய நூலைக் கொடுத்தது. முதல் தடவையாக இங்கிலாந்துப் பருத்தி நூல் பாவுக்குத் தாங்கியது. ஆனால் முழுப் பருத்தித் துணி நெய்தால் அந்தப் பழைய சட்டம் குறுக்கே நின்றது. கூட்டாளிகள் நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774-ல் விலக்கு வாங்கினார்கள். பிரிட்டனில் நூற்று நெய்த முழுப் பருத்தித் துணிக்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டுத் துணியோடு கலந்துவிடாதபடி துணிக்கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. அந்த மூன்று நீல நூலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் நெசவாளர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். எந்தத் துணிக்கு எதிராக அந்தத் தடுப்பை எழுப்பினார்களோ அது நம்முடையது. தடுப்புக்குப் பின்னால் நின்று வளர்ந்த ஆலை நூல் அடுத்த நூற்றாண்டில் நம் சந்தைக்கே வந்து இறங்கியது. அந்த ஆலைகளுக்குப் பஞ்சு எங்கிருந்து போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துருக்கித் துறைமுகங்களிலிருந்து கொஞ்சம் வந்தது. கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் அடிமைகள் பறித்த பஞ்சு மிகுதியாக வந்தது.

ஆலைகள் பெருகப் பெருக எதிர்ப்பும் பெருகியது. லங்காஷயரில் சோர்லி அருகே பர்கேக்கர் என்ற இடத்தில் அவர் குத்தகைக்கு எடுத்திருந்த ஆலையை 1779-ல் கூட்டம் அடித்து நொறுக்கியது. கிராம்ஃபோர்டிலும் நடந்துவிடுமோ என்று துப்பாக்கிகளும் பீரங்கியும் கொண்டுவந்து காவல் போட்டார். தெருப்பக்கம் கீழ்த்தளத்தில் சன்னலே இல்லாமல் அந்த வளாகம் கோட்டைபோல் இருப்பதை இன்றும் பார்க்கலாம். பட்டமும் பதவியும் பிறகு வந்தன. 1786-ல் சர் பட்டம், அடுத்த வருடம் டெர்பிஷயர் ஷெரிஃப். ஆலையிலிருந்து பார்க்கும் தூரத்தில் வில்லர்ஸ்லி என்ற மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1791-ல் அது தீப்பிடித்தது. திரும்பக் கட்டி முடிவதற்குள் 1792 ஆகஸ்டில், 59 வயதில், இறந்துபோனார். விட்டுச் சென்ற சொத்து ஏறக்குறைய ஐந்து லட்சம் பவுண்டு.

அவர் காட்டிய மாதிரி பரவிய வேகம் வியப்பானது. டெர்வென்ட்டில் கீழே பெல்பர், மில்ஃபோர்டு ஊர்களில் ஸ்ட்ரட் குடும்பம் ஆலைகள் கட்டியது. மில்ஃபோர்டில் ஸ்ட்ரட்டிடம் தொழில் கற்ற சாமுவேல் ஸ்லேட்டர் 1789-ல் யாருக்கும் சொல்லாமல் கப்பலேறி, ரோட் ஐலண்டில் அமெரிக்காவின் நீர்விசை நூற்பைத் தொடங்கிவைத்தார். இயந்திரத்தின் படங்களை எடுத்துப் போகச் சட்டம் இடம் தராது, மனப்பாடமாகவே கொண்டுபோனார். ஜெர்மனியில் ராட்டிங்கன் ஊரில் புரூகெல்மன் என்பவர் 1780-களில் கட்டிய ஆலைக்கு வைத்த பெயரே கிராம்ஃபோர்டு. ஸ்காட்லாந்தில் கிளைட் அருவியைப் பார்த்து ஆர்க்ரைட் மலைத்துப் போன இடத்தில் டேவிட் டேல் என்பவரின் நியூ லானார்க் ஆலை எழுந்தது. நூறு வருடம் கழித்து 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை கட்டப் பாபநாசத்துக்கு வந்து தேடியதும் இதே சேர்க்கையைத்தான். தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடம், வற்றாத தண்ணீர், நல்ல உயரம், திருநெல்வேலிச் சீமைப் பஞ்சு. விக்கிரமசிங்கபுரம் அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். கிராம்ஃபோர்டின் படத்தை முதலில் பார்த்தபோது அந்த ஊர்தான் என் கண்ணில் வந்தது.

நீராவி வந்ததும் ஆலைகள் நகரத்துக்கு இறங்கின. ஆர்க்ரைட்டே 1780-களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் ஷூட்ஹில் என்ற இடத்தில் ஆலை வைத்து, நீராவி எந்திரத்தால் தண்ணீரை மேலே இறைத்துச் சக்கரத்தின் மேல் விடப் பார்த்தார். சுற்று வழிதான். ஆனால் அந்த நாளில் நீராவி எந்திரத்தின் ஓட்டம் குதித்துக் குதித்துப் போகும், நூலுக்கு ஆகாது, நீர்ச்சக்கரத்தின் ஓட்டமோ ஒரே சீராக இருக்கும். அந்தச் சீரை விட அவருக்கு மனசில்லை.

இனி அந்த வடிகாலுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறேன், உங்கள் கேள்வி அங்கேதான் தொடங்கியது. சஃப் வெட்டியவர்கள் ஆலைக்காக வெட்டவில்லை. சுரங்கத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். ஆர்க்ரைட் ஆலை தொடங்கிய மறுவருடமே, 1772-ல், அதே சுரங்கப் பகுதிக்கு இன்னும் ஆழமாக மியர்புரூக் என்ற புது வடிகாலை வெட்டத் தொடங்கினார்கள். பாறையைக் குடைந்து பல தலைமுறையாக நீண்ட வேலை அது. 1830-களில் அது மலைக்கடியில் போதுமான தூரம் போய்ச் சேர்ந்தபோது, மேலே இருந்த பழைய வடிகாலுக்கு வரவேண்டிய நீரைக் கீழே இழுக்கத் தொடங்கியது. கிராம்ஃபோர்டின் சக்கரங்களுக்குத் தண்ணீர் குறைந்தது. 1821-ல்தான் அந்தத் தண்ணீரைச் சாலைக்கு மேலாகக் கொண்டுவர வார்ப்பிரும்பில் ஒரு தொட்டிப்பாலம் போட்டிருந்தார்கள்.

ஆர்க்ரைட் குடும்பம் வழக்குப் போட்டது. ஆர்க்ரைட் எதிர் கெல் என்ற அந்த வழக்கில் 1839-ல் தீர்ப்பு வந்தது, நீர்வழி உரிமை படிக்கும் வக்கீல்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். இயற்கையாக ஓடும் ஓடையின் மேல் கரைக்காரனுக்கு உரிமை உண்டு. சஃப் மனிதன் தன் வசதிக்காக வெட்டியது, அந்த வசதி தீர்ந்தால் அவன் அதை மாற்றிக்கொள்ளலாம். எத்தனை வருடம் அந்த நீரை அனுபவித்திருந்தாலும், அது என்றைக்கும் வர வேண்டும் என்று சுரங்கக்காரரைக் கட்டாயப்படுத்த ஆலைக்காரருக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். முதல் ஆலையில் நூற்பு படிப்படியாக நின்றது. கட்டடங்கள் சலவைக்கும் மது காய்ச்சவும் பிற்பாடு வண்ணப்பொடி தயாரிக்கவும் போயின. 1979-ல் ஆர்க்ரைட் சங்கம் அந்த இடத்தை வாங்கியபோது, ரசாயனம் ஊறிப் போயிருந்த சுவர்களைச் சுத்தம் செய்வதே பெரும்பாடாக இருந்தது. 2001-ல் யுனெஸ்கோ மாஸனிலிருந்து டெர்பி வரை டெர்வென்ட் பள்ளத்தாக்கின் 24 கிலோமீட்டரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆற்றின் மேல் கட்டிய மாஸன் ஆலையில் 1991 வரை வேலை நடந்தது. தண்ணீரைப் பிடுங்கிய மியர்புரூக் வடிகால் இன்னும் மலைக்குள்ளிருந்து வந்து டெர்வென்ட் கரையில் கொட்டுகிறது, அதை எடுத்துச் சுத்திகரித்துக் குடிநீராகக் கொடுக்கிறார்கள்.